லாங்கு பஜாரில் கண் எங்கே போகும்? – வாசகர் கேள்வி பதில்

ஒரே தெருவை இரண்டு பேர் பார்த்தாலும் இருவர் கண்ணிலும் படுவது ஒன்றல்ல என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பழைய வட ஆற்காடு மாவட்டமே சேர்ந்து கேட்டதுபோல வேலூர், ஆம்பூர், ஆரணி, குடியாத்தம் என்று கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊருக்கு வந்தபோது வேலூர் லாங்கு பஜாருக்கு அழைத்துப் போனேன். கொஞ்ச நேரத்திலேயே "தலை சுற்றுகிறது மாமா, எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை" என்று திரும்பிவிட்டார். எனக்கு அங்கே வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. கண்ணிலேயே ஏதாவது வேறுபாடு இருக்குமா சார்?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கண்ணில் இல்லை, கண்ணை எங்கே அனுப்புவது என்ற பழக்கத்தில்தான் வேறுபாடு. நம் கண்ணுக்கு நிஜமாகவே கூர்மையாகத் தெரிகிற பகுதி மிகச் சின்னது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டுதான் கண் ஒரு நொடிக்கு மூன்று முறை போல அங்கேயும் இங்கேயும் தாவி, மூளை அதையெல்லாம் ஒட்டவைத்து முழுத் தெருவையும் பார்த்த மாதிரி நமக்குக் காட்டுகிறது. அடுத்த தாவல் எங்கே என்பதில் வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் பங்கு உண்டு, வளர்ந்த இடத்துக்கும் பங்கு உண்டு.

2001-இல் தகாஹிகோ மசுதா, ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஜப்பானிய மாணவர்களுக்கும் அமெரிக்க மாணவர்களுக்கும் ஒரு நீருக்கடியில் நடக்கும் காட்சியைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். பெரிய மீன்கள் நீந்துகின்றன, பின்னால் பாசி, கூழாங்கல், தவளை, நீர்க்குமிழி. பார்த்ததைச் சொல்லச் சொன்னால் அமெரிக்க மாணவர்கள் பெரும்பாலும் பெரிய மீனில் தொடங்கினார்கள், ஜப்பானிய மாணவர்களோ 'அது ஒரு குளம் மாதிரி இருந்தது' என்கிற தினுசில் இடத்தில் தொடங்கினார்கள். பின்னணியைப் பற்றி அவர்கள் சொன்னதும் அதிகம். அப்புறம் அதே மீனை வேறு பின்னணியில் வைத்துக் காட்டினால், 'இதைப் பார்த்திருக்கிறேனா' என்று தடுமாறியதும் ஜப்பானியர்கள்தான். அவர்கள் மனதில் மீன் தனியாகப் பதியவில்லை, இடத்தோடு சேர்ந்தே பதிந்திருந்தது. இடத்தோடு சேர்த்துப் பார்ப்பதில் லாபமும் உண்டு நட்டமும் உண்டு என்பதால் எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் மருமகன் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2006-இல் யூரி மியாமோட்டோவும் இதே இருவரும் செய்த ஆய்வு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சின்ன ஊர், நடுத்தர ஊர், பெருநகரம் மூன்றிலும் பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், ஓட்டல் வாசல்களில் நின்று தெருவைப் படம் எடுத்தார்கள். ஜப்பானியத் தெருக்களில் பொருள்கள் அதிகம், ஒன்றோடொன்று மறைத்துக்கொண்டு எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அடுத்ததுதான் முக்கியம்: ஜப்பானியத் தெருப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகு, அமெரிக்க மாணவர்களும்கூடப் பின்னணியில் நடக்கும் மாற்றங்களை அதிகமாகக் கவனித்தார்கள். அதாவது தெருவே கண்ணைப் பழக்குகிறது.

இப்போது லாங்கு பஜாரை நினைத்துப் பாருங்கள். மேலே ஒன்றின்மேல் ஒன்றாக போர்டு, கீழே தள்ளுவண்டியில் முள்ளு கத்தரிக்காய் குவியல், மூட்டை தூக்கிக்கொண்டு "ஓரம் ஓரம்" என்று ஒருவர், இடையில் புகுந்து வரும் டூவீலர். நீங்கள் இதில் எதையும் ஊன்றிப் பார்ப்பதில்லை, ஆனால் மூட்டைக்காரர் வருவதற்கு முன்பே உங்கள் தோள் ஒதுங்கிவிடுகிறது. உங்கள் மருமகன் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க முயன்றிருக்கிறார், அது அந்தத் தெருவில் நடக்காது. அவரைக் கேலி செய்யாதீர்கள். காலையில் கூட்டம் ஏறுவதற்கு முன்பே அழைத்துப் போங்கள், ஒரே கடையில் நின்று சாமான் வாங்க விடுங்கள், இரண்டு மூன்று முறை போனால் போதும்.

கேள்வி: என் அப்பா பட்டு நெசவாளர். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. ஆனால் விரித்த சேலையில் ஓர் இழை விட்டிருந்தால் அறையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறார். நானும் தறி பார்த்து வளர்ந்தவள்தான், எனக்குத் தெரிவதில்லை. இது எப்படி?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: முதல் பாதி எளிது. வயதானால் வருகிற வெள்ளெழுத்து கிட்டப் பார்வையைத்தான் கெடுக்கும், தூரப் பார்வை அப்படியே இருக்கலாம். இரண்டாவது பாதிதான் அழகு. ஊடையில் ஓர் இழை விட்டால் துணியின் குறுக்கே அந்த இடத்தில் நெசவு ஒரு மயிரளவு தளர்ந்து, வெளிச்சம் சாய்வாகப் படும்போது பட்டின் மினுமினுப்பு அங்கே மட்டும் மாறும். பாவில் அறுந்தால் அதே மாற்றம் நெட்டுவாக்கில் ஓடும். உங்கள் அப்பா இழையைத் தேடவே இல்லை, ஒரே சீராகப் போகிற மினுமினுப்பு எங்கே முறிகிறது என்று பார்க்கிறார். கவனித்துப் பாருங்கள், சேலையை நேராகப் பிடிக்கச் சொல்ல மாட்டார், ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்க்கச் சொல்வார். வெளிச்சத்தை எப்படி வாங்குவது என்பதும் அந்தப் பார்வையில் சேர்த்திதான். நீங்கள் தறியைப் பார்த்து வளர்ந்தீர்கள், அவர் தப்பு இருந்தால் கூலி போகும் என்ற நிலையில் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சரியா தப்பா என்று உடனே தெரிந்துகொண்டே பார்க்கிற பார்வைதான் இப்படிக் கூர்மையாகும்.

1898-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. அந்தத் தீவுக்காரர்கள் தூரத்துப் படகை வெள்ளைக்காரர்களுக்கு முன்பே கண்டு சொல்வார்கள். பார்வையை அளந்து பார்த்தபோது அப்படியொன்றும் அதிசயக் கண் இல்லை. கடலையும் படகையும் பழகிய கவனம்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார் அந்தக் குழுவிலிருந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். உங்கள் அப்பா விஷயத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் 24 ரேடியாலஜி மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். படத்தில் ஒரு கொரில்லா உருவத்தை வேண்டுமென்றே ஒட்டியிருந்தார்கள், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. கண் அந்த இடத்தின் மேல் போயும்கூடப் பலருக்குப் படவில்லை. திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒன்றைத் தேடப் பழகிய கண் மற்றதை விட்டுவிடும் என்பதுதான் இதில் தெரிகிறது.

கேள்வி: ஆம்பூரில் ஷூ, தோல் பை பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸில் பழைய ஷூ படம் இடப்பக்கமும், சரிசெய்த ஷூ படம் வலப்பக்கமும் போடலாமென்று இருக்கிறேன். உருது படித்தவர்களுக்குக் குழப்புமா பாய் என்று நண்பர் கேட்கிறார்.
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் நண்பர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். படிக்கும் திசை நாம் படம் பார்க்கும் விதத்தையும் இழுக்கிறது. 1989-இல் ஜோத்ஸ்னா வைத், மகராஜ் சிங் இருவரும் பாதி சிரிப்பும் பாதி சாதாரணமுமாக ஒட்டிய முகங்களைக் காட்டி எது அதிகம் சிரிக்கிறது என்று கேட்டார்கள். இந்தி படிப்பவர்கள் இடப்பக்கம் சிரிப்பு இருந்த முகத்தின் பக்கம் நன்றாகவே சாய்ந்தார்கள். உருதைப் போல வலமிருந்து இடமாகப் படிப்பவர்களிடம் அந்தச் சாய்வு அவ்வளவாக இல்லை. இடப்பக்கம் தெரிவதை முதலில் வாங்குகிற மூளையின் வலது பாதி முகங்களில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதால் எல்லோருக்கும் ஓரளவு இடச்சாய்வு உண்டு, படிப்புப் பழக்கம் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் ஒரே ஆள் காலையில் உருதும் மத்தியானம் தமிழும் சாயங்காலம் ஆங்கிலமும் படிப்பார், அதனால் பெரிய குழப்பம் வராது. ஆனாலும் ஏன் வம்பு? படங்களை மேலும் கீழுமாகப் போட்டுவிடுங்கள். பழையது மேலே, சரிசெய்தது கீழே. மூன்று மொழியிலும் மேலிருந்து கீழேதான்.

கேள்வி: இரண்டு கோடு, ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி, இன்னொன்றில் வெளிநோக்கி. நீளம் ஒன்றுதான், ஆனால் ஒன்று பெரிதாகத் தெரியும். காட்டிலும் மலையிலும் வாழ்பவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வகுப்பில் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, ராணிப்பேட்டை

பதில்: சொல்லுங்கள், ஆனால் முழுக் கதையாகச் சொல்லுங்கள் டீச்சர், அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தப் படத்தின் பெயர் முல்லர்-லையர் மயக்கம், 1889-இல் வந்தது. மேலே சொன்ன ரிவர்ஸ் டோரஸ் தீவுகளில் இதைக் காட்டிப் பார்த்தார். பிறகு 1901–02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் காட்டினார். 'நாகரிகம் இல்லாதவர்கள்' எளிதில் ஏமாறுவார்கள் என்பது அந்தக் காலத்து ஐரோப்பியர் பலருடைய நினைப்பு. நடந்தது வேறு. முல்லர்-லையர் கோடுகளில் தீவுக்காரர்களும் தோடர்களும் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ஆனால் நிற்கும் கோட்டையும் படுத்த கோட்டையும் ஒப்பிடும் இன்னொரு படத்தில் அவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். இந்த இரண்டாவது பாதியை வீடியோக்காரர்கள் சொல்வதே இல்லை. 'காட்டுவாசிக் கண் ஏமாறாது' என்ற கதைக்கு அது ஒத்துவராது.

1960-களில் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் ஆப்பிரிக்காவிலும் மற்ற இடங்களிலும் 15-க்கும் மேற்பட்ட சமூகங்களில் இதைச் செய்தார்கள். அமெரிக்காவின் எவன்ஸ்டன் ஊர்க்காரர்களுக்கு இரண்டு கோடும் சமமாகத் தெரிய, ஒரு கோட்டை ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டியிருந்தது. கலஹாரிப் பாலையின் சான் மக்களுக்கு அநேகமாக நீட்டவே தேவைப்படவில்லை. தச்சு வேலைப்பாடு கொண்ட உலகில், அதாவது சதுர அறை, நேர்ச்சுவர், மூலை என்று வளர்கிறவர்களின் கண் அந்த அம்புக்குறியை அறை மூலையாக எடுத்துக்கொண்டு தூரக் கணக்குப் போடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தோடர் வீட்டின் வளைந்த கூரையை நினைத்தால் நம்பத் தோன்றும்.

இங்கேயே நிறுத்தினால் பாடம் பாதிதான். பார்வை பற்றி ஆராயும் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையால் பார்வையே இல்லாதிருந்த இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை வரவழைக்கிறார்கள். 2015-இல் வெளியிட்டார்கள்: கட்டு அவிழ்த்த கையோடு காட்டியபோதே அந்தக் குழந்தைகள் இந்த மயக்கத்துக்கு ஆளானார்கள். எந்த அறை மூலையையும் பார்த்துப் பழகாத கண்! அண்மையில் டோர்சா அமீர், சாஸ் ஃபயர்ஸ்டோன் என்ற இருவர் இதையும் சேர்த்து ஒரு வலுவான மறுப்பு எழுதினார்கள். மீன் உள்ளிட்ட விலங்குகளும் ஏமாறுகின்றன, நேர்க்கோடு இல்லாமல் வளைகோட்டிலும் மயக்கம் வருகிறது, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் பார்த்தாலும் வருகிறது. அப்படியானால் கட்டடத்தை மட்டும் காரணமாக்குவது எப்படி?

என் எண்ணம், மயக்கத்தின் வேர் எல்லோரிடமும் இருக்கிறது, எவ்வளவு ஏமாறுகிறோம் என்ற அளவில் வாழ்க்கைக்குப் பங்கு இருக்கலாம், அது எவ்வளவு என்பதில்தான் சண்டை. வகுப்பில் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து பிள்ளைகளையே அளக்க வையுங்கள். பிறகு இந்தச் சண்டையையும் சொல்லுங்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

கேள்வி: கிழக்கத்தியர் முழுமையாகப் பார்ப்பவர்கள், மேற்கத்தியர் பிரித்துப் பார்ப்பவர்கள் என்கிறார்களே. நாம் எதில் சேர்த்தி?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: எதிலும் சேர்க்க வேண்டாம். இந்தப் பேச்சுக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் ஜப்பான், சீனா, அமெரிக்கா, கனடாவின் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. அவர்களைக் கொண்டு பாதி உலகத்துக்கு முத்திரை குத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆய்வுகளும் எல்லாம் கெட்டியாக நிற்கவில்லை. 2005-இல் சீன மாணவர்களின் கண் பின்னணிக்கு அதிகம் போகிறது என்று கண்ணசைவைப் பதிவுசெய்து காட்டினார்கள். 2009-இல் வேறு குழு அதே மாதிரி செய்து பார்த்தது, கண்ணசைவில் வேறுபாடே தென்படவில்லை.

இதைவிட 2008-இல் துருக்கியில் நடந்த ஆய்வு நமக்கு உதவும். கருங்கடல் கரையோரம், ஒரே நாடு, ஒரே வட்டாரம். விவசாயிகள், மீனவர்கள், மேய்ச்சல்காரர்கள் என்று மூன்று தொழில். ஒரு சதுரத்துக்குள் தொங்கும் கோட்டைக் காட்டிவிட்டு, வேறு அளவுச் சதுரத்தில் அதே நீளத்திலோ அல்லது சதுரத்துக்குத் தகுந்த விகிதத்திலோ வரையச் சொன்னார்கள். பலரோடு கூடி வேலை செய்தே தீர வேண்டிய விவசாயியும் மீனவரும் கோட்டைச் சதுரத்தோடு சேர்த்தே பார்த்தார்கள், தனியாக முடிவெடுக்கும் மேய்ச்சல்காரருக்குக் கோட்டைப் பிரித்துப் பார்ப்பது எளிதாக இருந்தது. சீனாவிலும் 2014-இல் நெல் விளையும் தென்பகுதி மாணவர்களுக்கும் கோதுமை விளையும் வடபகுதி மாணவர்களுக்கும் யோசிக்கும் விதத்தில் இப்படியொரு வேறுபாட்டைத் தாமஸ் டால்ஹெல்ம் காட்டினார்.

நம் வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரிப்பாசனத்தில் மடை திறப்பதற்கே ஊர் கூடிப் பேச வேண்டும். கொஞ்சம் தள்ளினால் மழையை நம்பி அவரவர் நிலத்தில் மானாவாரி வேர்க்கடலை. ஜவ்வாது மலையில் ஆடும் தேனும். குடியாத்தத்திலேயே தறிக்காரரும் பீடி சுற்றுகிறவரும் தீப்பெட்டி ஒட்டுகிறவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பார்கள் என்று யார் சொன்னது? வேலூரில் உளவியல் படிக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால், காகிதமும் பென்சிலும் போதும், துருக்கிச் சோதனையை இங்கே செய்து பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கிராமத்திலிருந்து வருகிற சிலர் டாக்டர் முகத்தையே பார்ப்பதில்லை. புதிதாக வருகிற டாக்டர்கள் சிலருக்கு, இவர் கேட்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.
– ஒரு செவிலியர், வேலூர்

பதில்: கேட்கிறார். பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது நம் பக்கம் மரியாதை, அதைக் கவனக்குறைவு என்று குறித்துவிடக் கூடாது. 2008-இல் கிளாஸ்கோவில் ஓர் ஆய்வு: மேற்கத்தியர் முகத்தில் கண்ணையும் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், கிழக்காசிய மாணவர்கள் மூக்கை ஒட்டிய நடுப்பகுதியிலேயே பார்வையை நிறுத்தினார்கள். முகத்தை அடையாளம் கண்டுபிடிப்பதில் இரு தரப்பும் சமம். பார்வை போகிற இடத்தை வைத்துக் கவனத்தை அளக்க முடியாது. "நான் சொன்னதை ஒருமுறை நீங்கள் சொல்லுங்கம்மா" என்று கேட்கச் சொல்லுங்கள், புரிந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: கண்ணசைவை மெஷினில் பதிவுசெய்து ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியுமா?
– ஒரு மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: முடியாது. இவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். ஒரே ஊரில் இரண்டு பேருக்குள் இருக்கும் வித்தியாசம் இரண்டு நாட்டுச் சராசரிகளின் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கேள்வி: தம்பி, பேத்திக்குப் படப்புத்தகம் காட்டும்போது நான் "மாடு வந்துச்சு, பாப்பாவுக்குப் பால் குடுத்துச்சு, டாட்டா சொல்லு" என்று சொல்வேன். மகள், "இது மாடு, இது கொம்பு, இது வால்" என்று சொல்லித்தான் பழக்க வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, ஆற்காடு

பதில்: அம்மா, இதையே 1993-இல் ஆன் ஃபெர்னால்டும் ஹிரோமி மொரிகாவாவும் ஆராய்ந்திருக்கிறார்கள். பொம்மையைக் கையில் கொடுத்தால் அமெரிக்கத் தாய்மார்கள் 'இது கார், சக்கரத்தைப் பார்' என்று பெயர் சொன்னார்கள், ஜப்பானியத் தாய்மார்கள் 'இந்தா உனக்கு, இப்போ எனக்குக் கொடு, நன்றி' என்று கொடுக்கல் வாங்கலாக விளையாடினார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பொருள்களின் பெயர் கொஞ்சம் அதிகமாக வந்தது. பொருளைப் பார், பொருளோடு இருக்கிறவரைப் பார் என்ற இரண்டு பழக்கமும் இந்த வயதிலிருந்தே ஊட்டப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். பேத்திக்கு இரண்டும் வேண்டும், மகள் பெயர் சொல்லட்டும், நீங்கள் மாட்டைப் பால் கொடுக்க வையுங்கள். ஒரே புத்தகத்தை இருவரும் தனித்தனியாகக் காட்டினால் பிள்ளை குழம்புமோ என்று பயப்பட வேண்டாம், யாரிடம் எப்படிப் பார்ப்பது என்று அது உங்கள் இருவரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.